ஒரு வீட்டில் இரண்டு பி.ஏ.

கோட்டைக்குப்பத்தில் ராஜவேலு வீட்டு அடுப்படிச் சுவரில், ஐஸ் கம்பெனிக்காரன் கொடுத்த காலண்டர் ஒன்று தொங்கும். ஒரு தேதியைச் சுற்றிச் சிவப்பு மை வட்டம் இருந்தால் அன்றைக்கு அந்த வீட்டு ஆண்களுக்கு ஏரியில் பாடு. நீல மை வட்டம் இருந்தால் அந்த வீட்டு மருமகள் ஒருத்திக்கு இங்கிலீஷ் பரீட்சை. இரண்டு வட்டத்தையும் போடுவது மூத்த மருமகள் தேவகிதான். இரண்டரை வருஷமாக ஒரே நீல வட்டத்துக்குள் இரண்டு பேர் பெயர் வந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பாடு என்றால் வேறொன்றுமில்லை, முறை. ஏரியில் எறா, அதாவது இறால், நன்றாக விழுகிற இடங்கள் சில உண்டு. எல்லோரும் அங்கேயே போய் வலை போட்டால் தினம் தினம் மண்டை உடையும். அதனால் ஊர் கூடிச் சீட்டெடுத்து, இன்ன நாளில் இன்ன இடம் இன்னாருக்கு என்று பிரித்துக்கொள்வார்கள். டச்சுக்காரன் வந்து கோட்டை கட்டுவதற்கு முன்னாலிருந்தே இது இருக்கிறது என்று குப்பத்தில் சொல்வார்கள். கோட்டை மண்மேடாகி, மேலே வேலிகாத்தான் முளைத்து ஆடு மேய்கிறது. பாடு நடந்துகொண்டுதான் இருக்கிறது. காய்ச்சல் வந்து ஒருத்தன் தன் நாளை விட்டுவிட்டால் அடுத்த சுற்றில் அது திரும்பி வரும். ஆனால் அடுத்தவன் நாளை எனக்குக் கொடு என்று கேட்பது மட்டும் கிடையாது. கேட்டவன் பேரை ஊர் லேசில் மறக்காது.

தேவகி பக்கத்துக் குப்பத்துப் பெண். பன்னிரண்டாவது முடித்த கையோடு ராஜவேலுவுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். படிப்பை விட்டதற்காக அவள் அழவுமில்லை, மறக்கவுமில்லை. மகள் பிறந்தாள், வளர்ந்தாள், பழவேற்காடு பஜாரில் செசிலியா டீச்சர் நடத்துகிற சின்னப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். அங்கே ஒண்ணாம் வகுப்பு டீச்சருக்கு மஞ்சக்காமாலை வந்தபோது மூன்று வாரம் தேவகிதான் போய்ப் பார்த்துக்கொண்டாள். முப்பத்திரண்டு பிள்ளைகளும் அவள் சொன்னபடி உட்கார்ந்தன. நான்காவது வாரம் டீச்சர் வந்துவிட்டாள், தேவகி எறாக் கூடைக்குத் திரும்பிவிட்டாள்.

"உனக்கு டிகிரி மட்டும் இருந்தா நான் வேற ஆளே தேட மாட்டேன்" என்றார் செசிலியா. போகிறபோக்கில் சொன்ன பேச்சு. தேவகி அதைப் போகிறபோக்கில் விட்டுவிடவில்லை.

அதே வருஷம்தான் மச்சினன் எல்லப்பனுக்குக் கல்யாணமாகி, லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து சாந்தி ஓரகத்தியாக வந்து சேர்ந்தாள். இருபத்திமூன்று வயது, வாய் நீளம், சீர்ப் பெட்டியில் புடவைக்கு அடியில் தபால் வழிப் படிப்புக்கான விண்ணப்பம். அதைப் பார்த்துவிட்டு தேவகி கேட்டாள், "இன்னொண்ணு கெடைக்குமா?"

மாமியார் கஸ்தூரியம்மாளிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் நாற்பது வருஷம் கூடை தூக்கிய மனுஷி, முட்டி தேய்ந்து உட்கார்ந்தவள். "ரெண்டு பேரும் பரிட்ச எழுதப் போய்ட்டா எறா யார் பிரிக்கிறது? தானா எழுந்து போய் ஏஜெண்டு தராசுல உக்காந்துக்குமா?" என்றாள். கேள்வி நியாயமானதுதான். அந்தக் குப்பத்தில் ஏரிக்குப் போவது ஆண்கள், கரைக்கு வந்த பிறகு எல்லாம் பெண்கள் கை. வலையிலிருந்து வந்த எறாவை ரகம் வாரியாக, பருமன் வாரியாகப் பிரித்து, ஐஸ் போட்டு, ஏஜெண்டிடம் பேசி விற்றாக வேண்டும். வெயில் ஏறினால் சரக்கு போச்சு.

"பாடு மாதிரி வச்சிக்கலாம் அத்த" என்றாள் தேவகி. "ஒருத்தி எழுதற பேப்பரை அந்தத் தடவை இன்னொருத்தி எழுத மாட்டா. ஒரு பேப்பருக்கு ஒரு நாள்தான் பரிட்ச. ஒருத்தி போனா ஒருத்தி வூட்ல இருப்பா."

பி.ஏ. என்பது கஸ்தூரியம்மாளுக்குப் புரியவில்லை. பாடு புரிந்தது. "அப்ப சரி" என்றாள்.

ஜூனிலும் டிசம்பரிலும் பரீட்சை. எந்தப் பேப்பரை எப்போது எழுதுவது என்பதைப் படிக்கிறவர்களே முடிவு செய்துகொள்ளலாம். மற்ற மாணவர்கள் சுலபமானதை முதலில் வைப்பார்கள், பயமானதைத் தள்ளிப்போடுவார்கள். இவர்கள் பேப்பர் பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, அரிசி உழக்கில் போட்டுக் குலுக்கி, கஸ்தூரியம்மாளை எடுக்கச் சொன்னார்கள். தேவகிக்கு உரைநடை, சாந்திக்குக் கவிதை. அடுத்த தடவை அப்படியே மாறும். பல்கலைக்கழகத்துப் புத்தகம் ஆளுக்கொன்று வந்தது. கைடு மட்டும் ஒன்று. முதலில் படித்தவள் அடுத்தவளுக்காக ஓரத்தில் பென்சிலால் எழுதிவைப்பாள். 'இந்தப் பாட்டு ஏழு வரிதான், ஆனா அர்த்தம் மூணு பக்கம், மனப்பாடம் பண்ணிடு' என்று சாந்தி எழுதுவாள். 'இந்தக் கதையில் எல்லோரும் சாகிறார்கள், கேள்வி மட்டும் வந்துகொண்டே இருக்கிறது' என்று தேவகி எழுதியிருக்கிறாள். எழுதும்போது அவளுக்குப் பேச்சுத் தமிழ் வராது.

முறையில் தேவகி கறாராக இருந்தாள். போன வருஷம் சாந்தியின் அண்ணனுக்கு நிச்சயதார்த்தம், அவளுடைய பரீட்சை நாளிலேயே வந்தது. "இந்த ஒரு தடவை நீ இந்தப் பேப்பரை எழுதுக்கா, உன்னுதை நான் எழுதறேன்" என்று கேட்டாள். பரீட்சைக்கு விண்ணப்பம் போக இன்னும் ஒரு வாரம் இருந்தது. மாற்றியிருக்கலாம். "பாடுன்னா பாடுதான் சாந்தி. இன்னிக்கு நீ கேப்ப, நாளைக்கு நான் கேப்பேன், அப்புறம் அத்த ரெண்டு பேரையும் நிறுத்திடும்" என்றாள் தேவகி. சாந்தி பரீட்சை எழுதிவிட்டு நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியாக ஆளுக்கு இரண்டு பேப்பர் பாக்கி. ஒன்று நாடகம், இன்னொன்று இங்கிலீஷ் மொழியின் வரலாறு. சீட்டில் ஜூன் நாடகம் சாந்திக்கு விழுந்தது. தேவகிக்கு ஜூனில் மொழி வரலாறு, டிசம்பரில் நாடகம். டிசம்பரில் முடித்தால் போதும். செசிலியா இந்தத் தடவை போகிறபோக்கில் சொல்லவில்லை, கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். "ஒண்ணாம் வகுப்பு டீச்சர் வர்ற வருஷத்தோட நின்னுடறாங்க. அடுத்த வருஷ ஜூன்ல உனக்குத்தான் அந்த க்ளாஸ். ஆனா மார்க்‌ஷீட்டோட வரணும் தேவகி. அதுக்கு மேல என்னால வச்சிருக்க முடியாது."

இரண்டு பேருடைய விண்ணப்பத்தையும் எடுத்துக்கொண்டு தேவகி பொன்னேரிக்குப் போனாள். படிப்பு மையத்தில் சம்பந்தம் என்கிற குமாஸ்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? நாடகத்தை டிசம்பர்ல போட்டுக்கீறீங்க?"

"ஆமா சார். எங்க முறை அப்படி."

"முறையா? நோட்டீஸ் போர்டு பாக்கலியா நீங்க? டிசம்பர்லேர்ந்து அந்தப் பேப்பர் கெடையாது. புது சிலபஸ்ல அது ரெண்டா பிரியுது. ஒண்ணு டிசம்பர்ல, ஒண்ணு அதுக்கடுத்த ஜூன்ல. பழசை எழுதணும்னா இந்த ஜூன்தான் கடைசி."

"அப்புறம் வராதா சார்?"

"எங்கேர்ந்து வரும்?"

தேவகி விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். போனது திரும்பி வராது என்று இரண்டரை வருஷத்தில் ஒருநாளும் அவளுக்குத் தோன்றியதே இல்லை. ஏரியில் எல்லாம் சுற்றித் திரும்பி வரும். அதை வைத்துத்தான் அவள் மொத்த பி.ஏ.வையும் அடுக்கியிருந்தாள்.

"ஒரே வருஷம் சேர்ந்தீங்க, ஒரே வூடு, ஒரே பஸ்ஸு. ஒண்ணா எழுதாம இப்படி மாத்தி மாத்தி யாரும்மா பிளான் பண்ணிக் குடுத்தது?" என்றார் சம்பந்தம்.

"நான்தான் சார்."

அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "சரி, ரெண்டு ஃபாரமும் உன் கைலதான கீது. உன்னுதுல ஜூன்னு போட்டு, அந்தப் பொண்ணுதுல டிசம்பர்னு போடு. இல்ல, ரெண்டு பேருக்கும் ஜூன் போடு. அரை நிமிஷ வேலை. வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் கீது, யோசிச்சிட்டு வா."

பஸ் பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைக்குப் பக்கத்தில் நின்றது. தேவகி வீட்டுக்குப் போகாமல் மதில் நிழலில் உட்கார்ந்தாள். வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். பரீட்சைக்கு முன்னால் ஒருத்தியை ஒருத்தி பஸ் ஏற்றிவிட வரும்போது, "நாடகம் படிச்சு முடிக்கங்காட்டியும் நம்ம ரெண்டு பேரும் இப்படித்தான் நிப்போம்" என்று சாந்தி அவற்றைக் காட்டிச் சிரிப்பாள். பையில் பேனா இருந்தது. விண்ணப்பத்தில் சாந்தியின் கையெழுத்து முதலிலேயே போட்டாகிவிட்டது. ஜூன் என்பதை அடித்துவிட்டு டிசம்பர் என்று எழுத அரை நிமிஷம்கூட ஆகாது. சம்பந்தம் சொன்னார் என்று சொல்லிவிடலாம். சாந்திக்கு வேலை ஒன்றும் காத்திருக்கவில்லை. ஆறு மாசம் தள்ளினால் என்ன?

இதையெல்லாம் அவள் நினைத்தாள். நல்லவள் மாதிரி நினைக்காமல் இருக்கவில்லை. பேனாவைக்கூட வெளியே எடுத்தாள். அப்புறம் அந்த நிச்சயதார்த்தத்து இலைகள் நினைவுக்கு வந்தன, பேனாவை உள்ளே போட்டுக்கொண்டு நடந்தாள்.

சாந்தி வாசலில் கெளுத்தி ஆய்ந்துகொண்டிருந்தாள். தேவகி பையைக்கூட வைக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சாந்தி கத்தியை நிறுத்தவில்லை.

"அப்ப உன் வேலை?"

"போய்டும்."

"இப்ப இன்னா, என் முறையைக் கேக்கறியா?"

"கேக்கல."

"கேளேன். கேட்டுத்தான் பாரேன். எங்கண்ணன் நிச்சயத்துக்கு நான் கேட்டப்ப நீ இன்னா சொன்ன?"

"பாடுன்னா பாடுதான்னு சொன்னேன்."

"இலை எடுத்துட்டுக் கீறாங்க, நான் பேனாவும் அட்டையுமா போய் நிக்கிறேன். எங்கண்ணி வூட்டுக்காரங்க, யார்ரா இவ கணக்கெடுக்க வந்தவளான்னு கேட்டாங்க."

தேவகிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் சாந்தி கெளுத்தியைத் தூக்கி அடிப்பாள் என்று அடக்கிக்கொண்டாள். "அது என் தப்புதான்" என்றாள். "உன் பேப்பரை நீ எழுது சாந்தி. நானும் கூட எழுதறேன்னு கேக்கறேன். ஒரே நாள்ல, ரெண்டு பேரும்."

சாந்தி அப்போதுதான் நிமிர்ந்தாள். "ரெண்டு பேருமா? அத்த?"

"அத்தகிட்ட நான் பேசறேன்."

"பேசு, பேசு. நான் மீனை முடிச்சிட்டு வேடிக்கை பாக்க வர்றேன்."

தேவகி சுவரில் காலண்டரைப் போய்ப் பார்த்தாள். சம்பந்தம் ஒரு தாளில் எழுதிக்கொடுத்திருந்த தேதி, ஜூன் அமாவாசைக்கு மறுநாள். அந்தக் கட்டத்தில் ஏற்கெனவே சிவப்பு வட்டம் இருந்தது. முகத்துவாரத்துக்குக் கிட்டே இருக்கிற இடம், எறா குவிகிற அமாவாசைத் தண்ணி. வருஷத்தில் அந்த வீட்டுக்கு அப்படி ஒரு நாள் வந்தால் பெரிது. இரண்டு மருமகளும் கரையில் நின்றாலே கை பத்தாத நாள்.

கஸ்தூரியம்மாள் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டாள். முழுசாகக் கேட்டுவிட்டு, "நீ சொன்ன பேச்சுதான இது? ஒருத்தி போனா ஒருத்தி இருப்பான்னு?" என்றாள்.

"நான்தான் சொன்னேன் அத்த."

"இப்ப நீயே மாத்தற."

"மாத்தறேன். அங்க போனது திரும்பி வராதாம். அது தெரியாம நம்ம ஏரி மாதிரின்னு நெனச்சிட்டேன். தப்பு என்னுது."

மாமியார் இன்னும் கொஞ்சம் எண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டாள். இந்தச் சமயத்தில்தான் ராஜவேலு குளித்துவிட்டு உள்ளே வந்தான். தேவகி அவன் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு நீங்களும் எல்லப்பனும் எறாவைப் பிரிச்சு நீங்களே வித்துடுங்க."

ராஜவேலு துண்டைப் பிடித்தபடி நின்றான். "நானா? கரைல குந்திக்கினா? பசங்க சிரிப்பானுங்கமே."

"சிரிக்கட்டும்."

"பொம்பளைங்க வேலைமே அது. கிலோவுக்கு எத்தனை நிக்கும்னு அந்தக் கவுண்டு கிவுண்டெல்லாம் எனக்கு ஒண்ணும் புரியாது."

"பிடிக்கத் தெரியுதில்ல? பிரிக்க இன்னா?" இது சாந்தி. வேடிக்கை பார்க்க வந்தவள் வாசற்படியில் நின்றிருந்தாள், கையெல்லாம் மீன் ரத்தம். "மாமா, அக்காவுக்கு இது போனா வேலை போச்சு. உங்களுக்கு அன்னிக்கு ஒரு நாள் மானம்தான போவும்? அது அடுத்த சுத்துல திரும்பி வந்துடும்."

எல்லப்பன் பின்கட்டில் இருமினான். சிரிப்பை மறைக்கிற இருமல். ராஜவேலு தன் அம்மாவைப் பார்த்தான், காப்பாற்றுவாள் என்று. அவள் எண்ணெய்ப் புட்டியை மூடினாள்.

"ஒரு ஸ்டூலைத் தூக்கினு போய்க் கரைல போடு. நான் குந்திக்கினு சொல்றேன், நீ பிரி" என்றாள். பிறகு தேவகியிடம், "இந்த ஒரு தடவை" என்றாள்.

வெள்ளிக்கிழமை இரண்டு விண்ணப்பத்திலும் ஜூன் என்று எழுதிக் கொடுத்தாயிற்று. பிரச்சினை அதோடு தீரவில்லை. கைடு ஒன்றுதான். இத்தனை நாள் ஒருத்தி படித்து முடித்து அடுத்தவளிடம் கொடுத்தார்கள். இப்போது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வேண்டும். இரண்டு நாள் பிடுங்கிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் சாந்தி மீன் வெட்டுகிற கத்தியால் புத்தகத்தின் முதுகைப் பிளந்து பாதியைத் தேவகி மடியில் போட்டாள். "முதல் மூணு நாடகம் உனக்கு, கடைசி மூணு எனக்கு. ஞாயித்துக்கிழமை மாத்திக்கலாம்." ஒருத்தி படித்ததை மற்றவளுக்குச் சொல்லவேண்டியதாயிற்று. ஐஸ் உடைத்துக்கொண்டே, யார் யாரைக் கொன்றார்கள், ஏன் கொன்றார்கள் என்று பேசினார்கள். பக்கத்து வீட்டு முத்தம்மாள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "எந்த ஊர்லடி இது? போலீஸ் வந்துச்சா?" என்று கேட்டாள்.

அந்த நாள் வந்தது. விடியும்போதே எறா கரைக்கு வந்துவிட்டது, கூடை கூடையாக. இவர்கள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கஸ்தூரியம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து, "அது டைகர் எறாடா, அதைத் தனியாப் போடு, கண்ணை எங்க வச்சிக்கினு கீற?" என்று கத்திக்கொண்டிருந்தாள். ராஜவேலு தலையில் துண்டை இறக்கிக் கட்டியிருந்தான், யாருக்கும் முகம் தெரியக்கூடாது என்பது போல. சுற்றிலும் பெண்கள் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். தேவகிக்குத் திரும்பிப் போய்க் கூடைக்கு முன்னால் உட்கார்ந்துவிடலாம் என்று கால் இழுத்தது. சாந்தி அவள் முழங்கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனாள்.

மூன்று மணி நேரப் பரீட்சை. ஐந்து கேள்வியில் நாலு, சாந்தி சொல்லிக்கொடுத்த பாதியிலிருந்து வந்தது. தேவகி எழுதும்போது ஐஸ் உடைபடுகிற சத்தத்தோடு சாந்தியின் குரல்தான் காதில் கேட்டது. அதை இங்கிலீஷில் மாற்றி மாற்றி எழுதினாள். வெளியே வந்ததும் சாந்தி, "உன் பாதிலேர்ந்து ஒண்ணே ஒண்ணுதான் வந்துச்சு. நீ சொன்ன லட்சணத்துல அதை நான் எழுதல" என்றாள்.

வீட்டுக்கு வந்தால், கரையில் எதிர்பார்த்ததுதான் நடந்திருந்தது. கஸ்தூரியம்மாள் டீ குடிக்க எழுந்த கால் மணியில், ராஜவேலு பெரிய வெள்ளை எறாவையும் பொடியையும் ஒன்றாகக் கொட்டி ஒரே விலைக்குக் கொடுத்துவிட்டான். அதுவும் பொடி விலைக்கு. ஏஜெண்டு சிரித்துக்கொண்டே போனானாம். "ஏரியில இந்தக் கையில எட்டு மணி நேரம் வலை இழுத்தேன்மே. கண்ணு சொக்கிப்போச்சு" என்றான் ராஜவேலு. தேவகி அவனைத் திட்டவில்லை. பாராட்டவுமில்லை. சோறு போட்டாள், இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

செப்டம்பரில் ரிசல்ட் வந்தது. சாந்தியின் போனில் பார்த்தார்கள். தேவகிக்கு மொழி வரலாற்றில் ஐம்பத்தியெட்டு, நாடகத்தில் நாற்பத்திரண்டு. நாற்பது எடுத்தால் பாஸ். சாந்திக்கு நாடகத்தில் அறுபத்தேழு. தேவகி அந்த நாற்பத்திரண்டை இரண்டு தடவை பார்த்துவிட்டுப் புடவையை மாற்றிக்கொண்டு செசிலியாவிடம் போனாள். மார்க்‌ஷீட் வர இன்னும் மூன்று மாதமாகும். "வரட்டும். ஜூன்ல நீ வா" என்றார் செசிலியா.

திரும்பி வந்தபோது அடுப்படியில் மாமியாரும் சாந்தியும் இருந்தார்கள். தேவகி சொன்னாள், வேலை உறுதி என்று. யாரும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. சாந்தி குழம்பைக் கிண்டியபடி, "அப்ப ஜூன்லேர்ந்து நீ தெனமும் வெளிய" என்றாள்.

தேவகி அதைப் பஜாரிலிருந்தே யோசித்துக்கொண்டுதான் வந்தாள். ஒருத்தி போனால் ஒருத்தி இருப்பாள். அவள் போட்ட முறைப்படி பார்த்தால், அவள் தினமும் போகும்போது சாந்தி தினமும் வீட்டில்.

"எனக்கு டிசம்பர்ல ஒரே பேப்பர்தான் பாக்கி" என்றாள் சாந்தி. "அது முடிஞ்சதும் பி.எட். போடப்போறேன். தபால்ல இல்ல. காலேஜு. தெனமும் போவணும். உன்னக் கேட்டுட்டுப் போடல, சொல்லிட்டுப் போடறேன்."

"கேக்க வேணாம். போடு" என்றாள் தேவகி. உடனே சொன்னாள். சொன்ன பிறகுதான் கரையில் கூடைகளுக்கு முன்னால் யார் உட்காரப்போகிறார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். யாரும் மனசில் வரவில்லை. ஆனாலும் சொன்னதை மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை.

கஸ்தூரியம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பின்கட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். அங்கே ராஜவேலுவும் எல்லப்பனும் வலையைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஜூனுக்கு இன்னும் ஒம்போது மாசம் கீது" என்றாள். "போறதுக்குள்ள அந்த ரெண்டு பேருக்கும் எறாப் பிரிக்கக் கத்துக்குடுத்துட்டுப் போங்கடி."